இருபத்தைந்து லிட்டருக்கு முந்நூறு வாட்

என் அக்காவின் கணவர் வைத்தியலிங்கம் வாழ்க்கையில் எதையும் அளவு பார்த்து வாங்கியதில்லை. கடையில் இருப்பதில் பெரியது எதுவோ, அதுதான் அவருக்கு. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் அங்கே எதைக் கண்காணித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாளையங்கோட்டையில் வீடு கட்டியபோது, சொட்டுச் சொட்டாக ஊறும் கிணற்றில் ஐந்து குதிரைசக்தி மோட்டாரை இறக்கினார். ஒரே வாரத்தில் அது மண்ணை அள்ளிக் குழாயெல்லாம் அடைத்துக்கொண்டது. மோட்டார் செய்தவனைத் திட்டித் தீர்த்தார். தப்பு தன்னுடையதாக இருக்கலாம் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

போன வருஷம் அக்கா சொர்ணாம்பாளுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. நாள் முழுக்க ஹாலில் நாற்காலியே கதி. கோயம்புத்தூரில் இருக்கும் அவள் மகள் மதுமதி, அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்துவிட்டுப் போனாள். இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும். உள்ளே நீலக்கோடு போட்ட எட்டு நியான் டெட்ரா மீன்கள். அக்காவுக்கு அவற்றின்மேல் உயிர். ஒன்றுக்கு வாலில் கிழிசல் இருந்தது. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் தேடுவாள்.

ஹாலில் அத்தான் எந்நேரமும் ஏசியை இருபதில் ஓடவிடுவார். வெளியே வெயில் கொளுத்தும். இவர் உள்ளே போர்வையைப் போர்த்திக்கொண்டு டிவி பார்ப்பார். மீன்கள் குளிரில் மூலையில் ஒடுங்கின, தீனி எடுக்கவில்லை. அக்கா நாலு நாள் நச்சரித்த பிறகு அத்தான் என் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். வண்ணார்பேட்டையில் வளர்ப்புமீன் கடை வைத்திருக்கும் ரைஹானத்திடம் போனோம்.

“தொட்டி எத்தனை லிட்டரு அண்ணாச்சி? ரூம்ல குளிரு எவ்வளவு?” என்று கேட்டாள் அவள்.

“அதெல்லாம் எதுக்கும்மா? இருக்கதுலயே பெரிய ஹீட்டரா எடு.”

“பெருசு வேண்டாம் அண்ணாச்சி. லிட்டருக்கு ஒரு வாட்டு, அதான் கணக்கு. உங்களுக்கு இருபத்தஞ்சு போதும். சூடு ஏறுனதும் அது தானா அணையணும். அத அணைக்குற சுவிட்சு என்னைக்காவது ஒட்டிக்கிட்டுன்னா சின்னது பையப் பைய சூடாக்கும், நீங்க பாத்துப் பிடுங்கிரலாம். பெருசு மீன அவிச்சிரும்.”

அத்தான் என் பக்கம் திரும்பினார். “எனக்கே கணக்குச் சொல்லுதா, கேட்டீரா வே?”

நான் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்மேலும் எனக்கு மதிப்பில்லை.

வேறொரு கடையில் முந்நூறு வாட் ஹீட்டர் கிடைத்தது. முழங்கை நீளம். தொட்டியில் நிமிர்த்தி வைக்க முடியாமல் சாய்த்துப் போட்டார். பாதித் தொட்டி அதற்கே போனது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, “முந்நூறு வாட்டு!” என்று பெருமையடித்தார். மீனை யாருக்கும் காட்டவில்லை.

பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் காலை அக்காவை முழங்கால் பயிற்சிக்குக் கூட்டிப் போனேன். நண்பகலில் திரும்பி வந்தோம். ஹாலுக்குள் நுழைந்ததும் வேகவைத்த வாடை. தொட்டியைத் தொட்டேன், கை சுட்டது. எட்டு மீன்களும் வெளுத்து மிதந்தன. சுவிட்ச் ஒட்டிக்கொண்டு ஹீட்டரில் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நாலு எட்டுத் தள்ளிப் போர்வைக்குள் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

“இங்கனதான இருந்தீங்க?” என்றாள் அக்கா.

“லைட்டு எரிஞ்சுது. வேலை செய்யுதுன்னு நெனச்சேன். கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்.”

அக்கா வால் கிழிந்த மீனை மட்டும் தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நிற்கக்கூடாத கால் அது.

மறுநாள் ஊன்றுகோலோடு ஆட்டோவில் ஏறினாள். நானும் போனேன். ரைஹானத் முழுக்கதையும் கேட்டாள். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை.

“அக்கா, ஏசி இல்லாத ரூமு வீட்ல இருக்கா?”

“பின்கட்டுல ஒண்ணு இருக்கு. வெயிலு விழாது.”

“தொட்டிய அங்கன வச்சிருங்க. நம்ம ஊரு சூட்டுக்கு ஹீட்டரே தேவைப்படாது. கார்த்திகை, மார்கழில மழை அடைச்சு ஊத்தும்லா, அந்த நாலு நாளைக்கு மட்டும் இந்த இருபத்தஞ்சு வாட்டப் போடுங்க. கூடவே இந்த வெப்பமானியையும் தொட்டில ஒட்டிருங்க. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா பாத்தா போதும்.”

சில நாளில் புது மீன்கள் வந்தன. தொட்டி பின்கட்டு அறைக்குப் போனது. அதோடு அக்காவும் தன் கட்டிலைத் தூக்கிப் போடச் சொல்லி அங்கேயே போய்விட்டாள்.

“ஹால்ல கெடக்கலாம்லா? சொகமா ஏசி ஓடுது” என்று அத்தான் அறை வாசலில் நின்று கூப்பிட்டார்.

“நீங்க ஓட்டுங்க. எங்களுக்கு இந்தச் சூடே போதும்” என்றாள் திரும்பாமலே.

போன வாரம் அவர் அந்த அறைக்குப் போய், தானும் தீனி போடலாமா என்று கேட்டாராம். அக்கா ஒரு நுள்ளு தீனி எடுத்து அவர் விரலில் வைத்தாளாம். இவ்வளவு போடலாமா என்று இரண்டு தடவை கேட்டார், பாவம் என்று என்னிடம் சொன்னாள். எனக்குப் பாவமாக இல்லை.