இல்லாத கடைக்காரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுளகில் காயைப் பரப்பி, வெடித்ததையும் வெளுத்ததையும் தனியே எடுத்துப் போடுவோம். வேலை நேரத்தில் பேச எனக்கு மட்டும் அனுமதி உண்டு. கதை கேட்கிறவள் காயைத் திருடி வாயில் போட மறந்துவிடுவாள் என்பது கணக்கப்பிள்ளையின் கண்டுபிடிப்பு.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னைவிடச் சின்னவள். புருஷன் விட்டுப் போய்விட்டான்; இரண்டு பிள்ளைகள். எதற்கெடுத்தாலும் தனக்கு என்ன தெரியும் என்பாள். கேட்டுக் கேட்டு எரிச்சல் வந்து, அவளுக்காகவே ஒரு கதையைக் கட்டினேன். போடிமெட்டு ஏறும் வழியில், இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற ஜீப்புகள் நிற்கும் வளைவில், அவளைப் போலவே ஒருத்தி இட்லிக் கடை வைத்திருக்கிறாள் என்று. தினமும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். முதல் நாள் மழையில் அடுப்பு அணைந்ததும், மறுநாளே கடைக்காரி தகரம் கொண்டுபோய்க் கட்டியதும், சட்னியில் தண்ணீர் அதிகம் என்ற டிரைவரை அவள் அகப்பையோடு விரட்டியதும் எல்லாம் என் கைச்சரக்கு. இவளோ சுளகை மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. மலைக்குப் போகிறேன் என்று வேலையை விட்டுவிட்டாளாம். அந்த இடத்துக்கு வாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். மத்தியானத்துக்குள் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். நான் கதையில் சொன்ன வளைவில் ஒரு கடையும் கிடையாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இரண்டு பிள்ளைகள் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் லீவு நாளில், தோட்டத்து ஆட்களோடு நெருக்கியடித்து ஜீப்பில் ஏறினேன். வளைவில் வண்டி நின்றபோது புகை தெரிந்தது. மூன்று கல்லைக் கூட்டி, சாக்கு மறைப்புக்குள் அவள் இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். ஜீப்பில் வந்தவர்கள் இறங்கி அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

அதைப் பார்த்தும் என் பயம் போகவில்லை. அவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியதும் நான் மட்டும் அங்கேயே நின்று, கதையில் வந்த கடைக்காரி நான் இட்டுக்கட்டியவள் என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சியாவது பழைய இடத்தை வாங்கித் தருவதாகவும் சொன்னேன். அவள் வெந்திருந்த அந்த ஈட்டு இட்லியை எடுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"நானும் அவளத் தேடித்தான் வந்தேன் மதினி, கூட இருந்து தொழில் பழகலாம்னு. மூணு நாளா ஒவ்வொரு வளைவா பாத்தேன். கடையும் இல்ல, கடைக்காரியும் இல்ல. பசியோட வந்து எறங்குற சனம் மட்டுந்தான் இருந்துச்சு. அவ இருந்திருந்தா இந்நேரம் அவகிட்ட ஏனங் கழுவிக்கிட்டுல்ல இருப்பேன்."

எனக்கு நாலு இட்லி வைத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது; பொறாமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். தகரம் முதல் சட்னி வரை அந்தக் கடையை யோசித்தவள் நான். அதைப் போய் வைக்கலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.