வெள்ளை வீட்டு ரிப்பன்

பாகூரில் நான் படித்த பெண்கள் பள்ளியில் எங்களை மூன்று வீடுகளாகப் பிரித்திருந்தார்கள். வீடென்றால் குடியிருக்கிற வீடில்லை. தலையில் கட்டுகிற ரிப்பனின் நிறம். நீலம், வெள்ளை, சிவப்பு. ஒழுங்கும் சுத்தமும் பார்த்து மசேர், அதாவது எங்கள் கன்னியாஸ்திரி ஆசிரியை, மதிப்பெண் போடுவார். முந்துகிற வீட்டுக்குத்தான் பள்ளி ஊர்வலத்தில் கொடி பிடிக்கிற பாக்கியம். அந்த வருஷம் எங்கள் வெள்ளை வீடு முந்தியிருந்தது.

ஊர்வலத்துக்கென்று புது ரிப்பன் கொடுத்தார்கள். எங்கள் ஊரான செலியமேட்டிலோ புதுத்துணி ஒரு முழம் வந்தாலும் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் உடம்பில் படவிட மாட்டார்கள். அம்மாவும் வைத்தாள், அதையே தலையில் கட்டி அனுப்பினாள்.

பள்ளி வாசலில் எங்கள் வீட்டுத் தலைவி பார்த்துவிட்டாள். பெரிய வகுப்புப் பெண்; அவள் வாய்க்குப் பள்ளியே பயப்படும்.

“இன்னாடி இது, ரிப்பனுக்குக் கல்யாணமா? மசேர் வரதுக்குள்ள கசக்கிக்கினு வாடி!”

கிணற்றடிக்கு ஓடிச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளில் சவுக்காரம் பட்டால் என்ன ஆகுமென்று தினமும் மஞ்சள் பூசிக் குளிக்கிற எனக்குத் தெரியாதா? அவசரத்தில் தோன்றவில்லை. ஓரம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. தேய்க்கத் தேய்க்கப் பரவியது.

சிவப்பு வீட்டுப் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். “கட்சி மாறிட்டியாடி? வா வா, எங்க பக்கம் எடம் கீது!”

மசேர் வந்தார். ரிப்பன் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். எங்கள் மதிப்பெண் குறைந்தது. கொடி சிவப்பு வீட்டுக்குப் போய்விட்டது. தலைவி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கொடி பிடிப்பதற்காக அவள் வெளுத்து மடித்துக் கட்டி வந்திருந்த தாவணியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

ஊர்வலம் போன கடைத்தெருவில் ஜனம் நின்றிருந்தது. நடுவில் அம்மா, பக்கத்தில் சித்தி.

“அதோ வருது பாரு, எம் பொண்ணு!” தெருவுக்கே கேட்டது அம்மாவின் குரல். “கண்ணு படக்கூடாதுன்னு நான்தான் ரிப்பன்ல மஞ்சா வச்சு அனுப்பினேன்!”

எங்கள் வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. காது இரண்டும் சுட்டது. அம்மா என்னைக் கூப்பிட்டபடி கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் ரிப்பன் ஓரத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே அவளைக் கடந்தேன்.

அதற்கப்புறம் அம்மா கூப்பிடவில்லை.