அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

எட்டு வயதிலேயே எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. சம்பளம் இல்லை, லீவும் இல்லை. மொன்றியலில் எங்கள் வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்வது, அம்மா டொக்டரிடம் போனால் கூடவே போய் அவருடைய நெஞ்செரிவைப் பிரெஞ்சில் விளக்குவது, படிவங்களை நிரப்புவது எல்லாம் என் பொறுப்பு. அம்மா மன்னாரிலிருந்து வந்து பத்து வருடமாகியும் ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டவர். அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டினார்; பகலில் அவரைப் பிடிக்கவே முடியாது. அக்காவுக்கு என்னைவிட நல்ல பிரெஞ்சு தெரியும். ஆனால் அவள் வீட்டில் நிற்பதில்லை. அவள் ஐஸ் ஹொக்கி விளையாடினாள்.

பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு ஆசிரியை பிடித்துப் பழக்கிவிட்டதில் ஆரம்பித்த விஷயம் அது. பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த இடிபடுகிற விளையாட்டு என்று மாதா கோயிலில் கேட்காத சனம் இல்லை. அம்மா முதல் இரண்டு வருடம் வெட்கப்பட்டார். பிறகு அக்கா மாகாண அணியில் தற்காப்பு ஆட்டக்காரியாகச் சேர்ந்து பத்திரிகையில் படமும் வந்தபோது, அந்தப் படத்தைப் பூசைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு கேட்காதவர்களுக்கும் காட்டினார். எனக்குப் பதினொரு வயது நடந்த வருடம் அக்காவுக்குப் பதினேழு. அந்தக் கோடை முடிவில் மாகாணங்களுக்கு இடையில் ஒரு போட்டி வைத்தார்கள். அதில் நன்றாக விளையாடுகிறவர்களை நாட்டின் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணிக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று அக்கா சொன்னாள். அதற்காகவே அவள் ஆறு வருடமாக விடியற்காலை ஐந்து மணிக்கு எழும்பிக்கொண்டிருந்தாள்.

துரதிர்ஷ்டம், போட்டி ஓகஸ்ட் கடைசியில் வந்தது. அந்த நாட்களில் மொன்றியலின் வெறும் காணிகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் ஒரு களை பூக்கும். பார்வைக்கு ஒன்றுமில்லாத பச்சைச் செடிதான். அதன் மகரந்தம் காற்றில் வந்தால் அக்கா பாயோடு பாயாகிவிடுவாள். கண் சிவந்து, மூக்கடைத்து, ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து தும்மல். தன்னைவிடப் பெரிய பெண்களை பனித்தளத்தின் சுற்றுப் பலகையோடு சேர்த்து இடித்துத் தள்ளுகிறவளை ஒரு பூ மடக்கிவிடும்.

அணியின் வைத்தியர் ஒரு மாத்திரையும் மூக்குக்குள் அடிக்கிற மருந்து ஒன்றும் கொடுத்திருந்தார். அவை தவிர வேறெதையும் தொடக்கூடாது. ஊக்கமருந்துச் சோதனையில் எது எது பிடிபடும் என்று அச்சடித்த அட்டை ஒன்றை அக்கா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, எங்களுக்கு வகுப்பு எடுத்தாள். கடையில் வாங்கும் தடிமன், சளிக் குளிசை கூடாது, இருமல் பாணி கூடாது, ஊரிலிருந்து வருகிற எதுவும் கூடவே கூடாது. அம்மாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் பெத்த பிள்ளைக்கு நான் மருந்து குடுக்க ஆரோ அட்டை தரவேணுமோ?” என்று அடுப்படியில் நின்று சட்டிகளிடம் கேட்டார்.

அம்மாவிடம் ஒரு மருந்து இருந்தது. மாமா கொழும்புக்குப் போய் வந்தபோது ஒரு டிஸ்பென்சரியில் வாங்கிவந்த சின்ன நீலக் குளிசைகள். அங்கே வழக்கப்படி ஒரு காகித உறையில் எண்ணிப் போட்டு, மேலே காலை ஒன்று, இரவு ஒன்று என்று மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருந்தின் பெயர் எங்கும் இல்லை. எங்கள் வீட்டில் அதன் பெயர் தும்மல் குளிசை. அம்மா போட்டால் அரை மணித்தியாலத்தில் மூக்குத் திறக்கும். அதற்குமேல் ஒரு மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பது அம்மாவின் எண்ணம்.

முக்கியமான ஆட்டத்துக்கு முந்திய இரண்டு இரவும் அக்கா நித்திரை கொள்ளவில்லை. அன்று காலை ஈரத் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள். அம்மா மல்லிக் கோப்பி போட்டார். மல்லியும் இஞ்சியும் மிளகும் போட்டுக் காய்ச்சிப் பனங்கட்டி கரைத்தால் அதற்குள் எந்தக் கசப்பும் ஒளிந்துகொள்ளும். அம்மா இரண்டு நீலக் குளிசையை ஒரு கரண்டியில் வைத்து என்னிடம் தந்தார்.

“நுணுக்கு பிள்ளை. அக்காவுக்குச் சொல்லாதை.”

நான் இன்னொரு கரண்டியின் முதுகால் மாவாக நுணுக்கிக் கொடுத்தேன். அட்டை எனக்கு முன்னால்தான் ஒட்டியிருந்தது. அம்மா சொன்னால் அது மருந்து, மற்றவர்கள் சொன்னால்தான் அது விதி என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியது. அம்மா அதைக் கோப்பியில் கலந்து ஒரு போத்தலில் ஊற்றினார். போத்தலை நானே கொண்டுபோய் உடைமாற்றும் அறை வாசலில் அக்காவிடம் கொடுத்தேன். அவள் முகர்ந்து பார்த்து, சிரித்து, முழுவதையும் குடித்தாள்.

அன்று அவள் விளையாடிய விளையாட்டை இன்றைக்கும் என்னால் கணம் கணமாகச் சொல்ல முடியும். மூக்குத் திறந்திருந்தது, கண் தெளிந்திருந்தது. எதிரணியிடமிருந்து பறித்த பந்தை, அந்தத் தட்டையான கறுப்பு ரப்பர் வில்லையை, தானே அரங்கு முழுக்கக் கொண்டுபோய்க் கோல் அடித்தாள். அம்மா அருகில் இருந்த வெள்ளைக்காரியைக் கட்டிப்பிடித்தார். என் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்று கண்ணால் கேட்டார்.

ஆட்டம் முடிந்ததும் கையில் படிவத்தோடு ஒரு பெண் வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார். சிறுநீர்ச் சோதனை. ஒரு பெரிய மனுஷி நின்று பார்க்க அக்கா சிறுநீர் கழிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசி ஏழு நாளில் உட்கொண்டது எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்கள். அக்கா மாத்திரையை எழுதினாள், மூக்கு மருந்தை எழுதினாள், யோசித்துவிட்டு மல்லிக் கோப்பியையும் எழுதினாள். அவள் அவ்வளவு நேர்மை.

ஐந்து கிழமை கழித்துக் கடிதம் வந்தது. அதை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னதும் நான்தான். போட்டி நாளில் உடம்பில் இருக்கக்கூடாத ஒரு ஸ்டீரோயிட் அக்காவின் சிறுநீரில் இருக்கிறது. அது எப்படி உள்ளே போனது என்று காட்டி, விளையாட்டில் வெல்வதற்காக எடுக்கவில்லை என்றும் நிரூபித்தால், எச்சரிக்கையோடு விடலாம். காட்ட முடியாவிட்டால் இரண்டு வருடத் தடை. அந்த இடத்தை அம்மா என்னை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கீழே ஒரு பெட்டி இருந்தது. வேண்டாம் என்று நான் புள்ளடி போட்டேன். நான் இருக்கும்போது எதற்கு இன்னொருவர்?

அக்கா அந்த நாட்களில் வீட்டையே தலைகீழாக்கினாள். ஷாம்பூ போத்தலில் இருந்து சோயா சோஸ் வரைக்கும் எழுதியிருந்ததை வாசித்தாள். சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழும்பினாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போன அம்மா, வழக்கத்தைவிட அதிக நேரம் முழங்காலில் நின்றார். எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரை அந்த வருடம் அரசாங்கத்தார் வந்து கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஏன் என்று எவருக்கும் தெரியாது. அம்மாவின் சிநேகிதிகள் மட்டும் தினம் ஒரு காரணம் சொன்னார்கள். பிள்ளைக்குத் தெரியாமல் மருந்து கொடுத்த தாயையும், அதை நுணுக்கிக் கொடுத்த தங்கையையும் என்ன செய்வார்கள் என்று நான் இரவெல்லாம் யோசித்தேன்.

விசாரணை நவம்பரில் நகர மையத்தில் ஒரு சின்ன அறையில் நடந்தது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் அக்கா, அம்மா, நடுவில் நான். தலைவியாக இருந்த நரைமுடிப் பெண்மணி என் உயரத்தைப் பார்த்துத் தயங்கினார். அம்மா என் தோளைத் தட்டி, இவள்தான், இவள்தான் என்று தமிழில் உறுதி சொன்னார். அக்கா தன் வழக்கில் தானே மொழிபெயர்க்கக்கூடாது என்பதால் அவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

படிவத்தில் ஒரு மல்லிப் பானம் எழுதியிருக்கிறதே, அதற்குள் என்ன போட்டீர்கள் என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“நான்தான் போட்டனான். என்ரை தம்பி கொழும்பிலயிருந்து கொண்டுவந்த தும்மல் குளிசை. இவளுக்குத் தெரியாது. மூச்சுவிட ஏலாமல் கிடந்தவள், எனக்குப் பாத்துக்கொண்டிருக்க ஏலேல்லை. பிழை முழுக்க என்ரை. என்ரை பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம் எண்டு சொல்லு.”

சொல்லிவிட்டுக் காகித உறையைக் கைப்பையிலிருந்து பாதி வெளியே எடுத்தார். நான் அவருடைய கையைப் பிடித்து அதை உள்ளே தள்ளினேன். பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்து, என்னால் முடிந்த மிக நல்ல பிரெஞ்சில் பேசினேன். மல்லி, இஞ்சி, மிளகு, பனங்கட்டி. எங்கள் ஆட்கள் தடிமனுக்குக் குடிப்பது. அம்மாவே காய்ச்சினார், வேறொன்றும் போடவில்லை. அம்மா சொன்ன அளவுக்கு நீளம் வர வேண்டும் என்று காய்ச்சும் முறையையும் சேர்த்துச் சொன்னேன். என் பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம் என்று அம்மா கேட்கிறார் என்ற கடைசி வரியை மட்டும் பிசகாமல் மொழிபெயர்த்தேன். அம்மா என் பேச்சுக்கெல்லாம் தலையாட்டி, முடிவில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. அவளுக்கு இரண்டு மொழியும் விளங்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலைவி அவளிடம், நீ ஏதாவது சேர்த்துச் சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். மேசையில் ஒரு கண்ணாடித் தண்ணீர்க் கூசா இருந்தது. அதில் எத்தனை ஐஸ் கட்டி என்று எண்ணினேன்.

“இல்லை,” என்றாள் அக்கா பிரெஞ்சில். “ஒன்றும் இல்லை.”

இரண்டு வருடம் என்று தீர்ப்பு வந்தது. அதையும் நான்தான் வாசித்தேன். உண்மையைச் சொன்ன பிறகும் இரக்கப்படாத சனம் என்று அம்மா அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. எங்காவது ஹொக்கி என்ற பேச்சு எழுந்தால் போதும், “நான் எல்லாத்தையும் ஒளிக்காமல் சொன்னனான், அவையள் கேக்கேல்லை,” என்பார். அவருக்கு மனச்சாட்சியில் கறை இல்லை. அந்தக் கறையை நான் எடுத்து என்னிடம் வைத்திருக்கிறேன்.

அம்மாவைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. கரண்டியைப் பிடித்த கை என்னுடையது, என்னையும் காப்பாற்றிக்கொண்டேன். அக்கா அன்று வாயைத் திறந்திருந்தால் எச்சரிக்கையோடு போயிருக்கும். ஆனால் மூன்று அந்நியருக்கு முன்னால் தன் தங்கை பொய்க்காரி என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பார்த்தபோது அவள் எனக்கு அவகாசம் தந்தாள். நான் ஐஸ் கட்டி எண்ணினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசுகிறது.

அவள் இன்று பக்கத்து நகரமான லவாலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வளர்ந்த பிறகு இரண்டு முறை இந்தக் கதையை எடுத்தேன். முதல் முறை, கடைசியாக எப்போது கண் பரிசோதித்தாய் என்று என்னைக் கேட்டாள். இரண்டாம் முறை, “அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை,” என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை முடிந்து அன்று நாங்கள் மெட்ரோவில் வீட்டுக்குப் போனோம். அம்மா எதிர் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு, “எல்லாம் சொல்லியாச்சு. இனி அவையள் பாத்துக்கொள்ளுவினம்,” என்றார். “ஓம் அம்மா,” என்றாள் அக்கா. அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். நான் அவள் காதுக்குள், இரண்டு வருடம் என்றால் நீண்ட காலமா என்று கேட்டேன். அவள் சற்று யோசித்தாள்.

“இல்லையடி. கெதியாப் போயிரும்.”

எனக்குப் பெரிய நிம்மதி. விரலில் கணக்குப் பார்த்தேன்: எனக்குப் பதின்மூன்று வரும், அவளுக்குப் பத்தொன்பது. பத்தொன்பது ஒன்றும் கிழவயது இல்லையே, திரும்பிப் போய் விளையாடலாம். அம்மாவை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை, அக்காவுக்கும் என்மேல் கோபம் இல்லை, எல்லாவற்றையும் நானே சமாளித்துவிட்டேன். இறங்கும் இடத்தில் எனக்குப் பசித்தது. அக்கா ஒரு பெட்டி உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கித் தந்தாள். நான் முழுவதையும் தின்று முடிக்கும்வரை என் கையுறைகளைப் பிடித்துக்கொண்டு குளிரில் நின்றாள்.