நாலு செக்கனில் எழும்பிய கருவி

ஸஜானாவுக்கு நல்ல பெயர் எடுக்கத் தெரியாது. தெரிந்திருந்தால், மூன்று மாதத் தகுதிகாண் காலத்தின் கடைசிக் கிழமையில், வேலையை நிரந்தரமாக்க வேண்டிய மேலாளரின் கணினி நிரலிலேயே பிழை பிடிப்பாளா?

இது 2015இல் நடந்தது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள், வாப்பா மர்சூக்கும் உம்மா ஸுஹறாவும் தங்கள் சொந்த ஊரான விடத்தல்தீவுக்குத் திரும்பியபோது கூடவே வந்தாள். மீன் வைக்கும் ஐஸ் அறைகளின் குளிரைக் கண்காணிக்கும் சிறு கருவிகளைச் செய்கிறது ஒரு கொழும்புக் கம்பனி. அதன் நிரல்களை வாசித்துப் பிழை பார்ப்பது இவள் வேலை. நிரந்தரமானால் வீட்டிலிருந்தே தொடர்ந்து செய்யலாம். இல்லாவிட்டால் புத்தளத்தில் வாப்பாவின் தம்பியான சாச்சாவின் வீட்டு அறையில் இருந்து வேறு வேலை தேட வேண்டும். சாச்சா அறையைக் கூட்டித் துடைத்தே வைத்துவிட்டார். இவளுக்குப் போக மனமேயில்லை.

அந்தக் கிழமை வந்தது மேலாளர் சிங்கராசா எழுதிய கேர்னல் டிரைவர்; கருவியின் அடிப்படை மென்பொருளான கேர்னலோடு சேர்ந்து ஓடும் ஒரு சிறு நிரல். கரண்ட் போய் வந்தால் கருவி எழும்ப எத்தனை செக்கன் எடுத்தது என்று அது அறிக்கை தரும். அறிக்கை சொன்னது நாலு. நிரலும் துப்புரவாக இருந்தது. பார்த்தாயிற்று என்று பெயரைப் போட்டு அனுப்பியிருக்கலாம்.

ஆனால் விடத்தல்தீவில் கரண்ட் சொல்லிக்கொண்டா போகிறது? அன்று மதியமும் போயிருந்தது. லுஹர் தொழுதுவிட்டுப் பாயில் இருந்து தஸ்பீஹ் மணி உருட்டத் தொடங்கினாள். முதல் மணியைத் தொட்டதும் கரண்ட் வந்து விசிறி சுழன்றது. சோதிக்கவென்று கம்பனி அனுப்பி மேசையிலிருந்த கருவியின் பச்சை விளக்கு எரிந்தபோது பத்தொன்பதாவது மணியும் உருண்டிருந்தது. ஒரு மணிக்கு ஒரு செக்கன் என்பது சின்ன வயது முதல் அவள் வைத்திருந்த கணக்கு.

நிரலைத் துருவினாள். கரண்ட் வந்ததும் முதலில் ஒரு தொடக்க நிரல் ஓடி, எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகே கேர்னலை எழுப்பும். டிரைவரோ கேர்னல் எழும்பிய பிறகுதான் எண்ணத் தொடங்கியது. முதலில் போன நேரம் அறிக்கையிலேயே இல்லை. “நாலு செக்கன் என்பது பிழை, பத்தொன்பது” என்று எழுதி அனுப்பினாள்.

பின்னேரமே சிங்கராசா போன் எடுத்தார்.

“பத்தொன்பதை எதால அளந்தனீங்கள்?”

“தஸ்பீஹ் மணியால, சேர்.”

“மணிக்கூட்டாலயும் ஒருக்கா அளந்து பாருங்கோ.”

கருவியை நிறுத்தித் திரும்பப் போட்டு, போனில் வீடியோ எடுத்துச் செக்கனைப் பார்த்தாள். பதின்மூன்று. கேட்ட உம்மா சிரித்தார்.

“நீ ஓதுற அவசரத்துக்கு நன்மை எழுதுற மலக்குமாருக்கு அதை எழுதவே நேரம் காணாது.”

வேறொருத்தி என்றால் மன்னிப்போடு நிறுத்தியிருப்பாள். இவள் எழுதினாள்: “என் பத்தொன்பது பிழை, சேர். பதின்மூன்றுதான் சரி. உங்கள் நாலும் பிழைதான்.” அதன்பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சிங்கராசா எடுத்தார். “நாலு எண்டதை நான் ஒருநாளும் மணிக்கூட்டோட வச்சுப் பார்க்கேல்ல, பிள்ளை. டிரைவரைத் திருத்திப் போட்டன். அடுத்த மாதத்தில இருந்து நீங்கள் நிரந்தரம்.”

“ஓம், சேர்” என்றாள். போனை வைத்த கையோடு புத்தளத்துக்கு எடுத்தாள்.

“சாச்சா, அந்த அறைய வேற ஆருக்காவது குடுங்கோ. நான் எங்கட ஊரிலயே இருக்கப்போறன்.”