பாச்சை உருண்டையும் என் மகனின் ரத்தமும்

என் மகன் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, என் நாத்தனார் பீரோவைத் திறந்து பழைய பருத்திப் புடவைகளை எடுத்து, அவனுக்குத் துணிகளாகக் கிழித்துத் தந்தார். எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. பட்டுத்துணியைப் பூச்சி அரிக்காமலிருக்க அந்த பீரோவில் எப்போதும் பாச்சை உருண்டை கிடக்கும். பழகிப்போனதால் அந்த வாசனையே எங்களுக்குத் தெரியாது.

இரண்டொரு நாளில் குழந்தையின் கண் மஞ்சளானது. பால் குடிக்கவில்லை. துணியில் சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் இருந்தது. நானும் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குழந்தையைக் கையில் வாங்கிய டாக்டரம்மா துணியை மோந்து பார்த்தார்.

"என்னம்மா வாசனை இது?"

"பாச்சை உருண்டைங்க. பட்டு வைக்கிற பீரோ."

உடனே துணியை மாற்றச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். மஞ்சள் இறங்க நீல விளக்கின் அடியில் படுக்க வைத்தார்கள், ரத்தமும் ஏற்றினார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று அவன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் தேறிய பிறகு டாக்டரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார். "ரத்தத்துல இருக்கிற சிவப்பணுவுக்குள்ள ஜி6பிடின்னு ஒரு நொதி இருக்குது. அது சர்க்கரையை வச்சுத்தான் அணுவைக் காப்பாத்துற பொருளைத் தயார் பண்ணும். உன் பையனுக்கு அந்த நொதி கம்மி. பாச்சை உருண்டை வாடை உள்ள போனா அணு தாக்குப்பிடிக்காம உடைஞ்சிடும். அதான் மஞ்சள். சில மலேரியா மாத்திரையும் ஆகாது. மத்தபடி அவன் எல்லாப் பசங்க மாதிரிதான்."

"இது எப்படிங்க வந்துது?"

"ஆம்பளப் பசங்களுக்கு அம்மா வழியா வரும். உனக்கு ஒண்ணும் பண்ணாது. உன் கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாம்."

வீட்டில் நாத்தனார் அழுதார். "அழாதீங்க, யாருக்குத் தெரியும் இதெல்லாம்? எனக்கே இப்பதான தெரியுது" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றே பீரோவைக் காலி செய்து, கழுவி, வேப்பிலை போட்டோம்.

என் தங்கை அப்போது தாமல் ஊரில், புகுந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி. அவள் மாமியாரிடம் நடந்ததையெல்லாம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"எங்க வீட்ல அந்த மாதிரி நோய் எதுவும் கிடையாதும்மா."

"உங்க வீட்ல இல்ல அத்தை, எங்க வீட்ல இருக்குது. என் மூலமாத்தான் என் பையனுக்கு வந்துச்சு. இதைச் சொல்ல எனக்கு வெக்கமில்ல. பிறக்கப்போறது பையன்னா ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துடுங்க. பாச்சை உருண்டையும் வீட்ல வேணாம்."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பஸ்ஸில் திரும்பும்போது, தங்கை வாழும் வீட்டில் பகை சம்பாதித்துவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது.

தங்கைக்குப் பையன் பிறந்தான். பிரசவ வார்டில் நர்ஸிடம், "இவ அக்கா பையனுக்கு அந்த நொதி கம்மியாம்மா, இவனுக்கும் பார்த்துடுங்க" என்று முதலில் கேட்டது அந்த மாமியார்தானாம். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அவனுக்கும் குறைவு. ஆனால் பாச்சை உருண்டையை எடுத்துப்போட்டுவிட்ட வீட்டுக்கு அவன் போனான். கண்ணில் மஞ்சள் தட்டவேயில்லை.

பேர் வைக்கிற நாளில் தாமலுக்குப் போனோம். வந்திருந்த சொந்தக்காரர்களிடம் தங்கையின் மாமியார் என்னைக் காட்டி, "இவ வந்து சொல்லலைன்னா நாங்களும் இவனைப் பீரோ துணியிலதான் சுத்தியிருப்போம்" என்றார். பக்கத்தில் என் மகன் பாயில் கை காலை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தான். எத்தனையோ முகூர்த்தப் பட்டு நெய்திருக்கிறேன். எதற்கும் நான் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.