மூன்று மூலையும் சுவரைத் தொட வேண்டும்

எனக்கு எழுபத்தொரு வயது. ஏழு பேரை வளர்த்தேன். பெற்றது ஐந்து, மற்ற இரண்டும் என் தங்கை விட்டுப்போனவை. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பஸ் நின்றால் போர்டைப் படித்துவிடுவேன். ஓடுகிற பஸ்ஸைப் படிக்க மாட்டேன்.

இதை எழுதச் சொன்னவர் என் பேத்தி படிக்கும் பாலிடெக்னிக்கின் சார். கம்ப்யூட்டரில் அந்த இன்ஜின் படத்தை அசைய வைத்தது நான்தான் என்று என் கைப்பட ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். திங்கட்கிழமைக்குள் தராவிட்டால் புராஜெக்ட் செல்லாது. பேத்தி இந்த வருஷத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். ஒரு பக்கம் எனக்குப் போதவில்லை. சார் பொறுமையாகப் படிக்கட்டும்.

பேத்தி என் இரண்டாவது மகனின் மகள். மெக்கானிக்கல் படிக்கிறாள். ரோட்டரி இன்ஜின் உள்ளே எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் அசையும் படமாகக் காட்டுவது அவள் எடுத்துக்கொண்ட வேலை. கணக்குப் போட்டு, அளவு பார்த்து, எல்லாவற்றையும் வரைந்து முடித்திருந்தாள். அசைப்பது மட்டும் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து நெடுங்காடு ரோட்டில் ஸ்கூட்டியோடு விழுந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் மவுஸைப் பிடித்துப் பார்த்தாள். அது வழுக்கிக்கொண்டு போனது. உட்கார்ந்து அழுதாள்.

"தள்ளுடி. எந்தப் பொத்தான அமுக்கணும்னு மட்டும் சொல்லு" என்றேன்.

"அப்பாயி, போன்ல போட்டோ பாக்குறதுக்கே என்னைக் கூப்புடுற ஆளு நீ."

"போட்டோவுல என்ன வேலை இருக்கு? சும்மா பாக்கணும். இதுல வேலை இருக்குல்ல."

மகன் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். "அம்மா, தூசியா இருக்குன்னு தண்ணி ஊத்திக் கழுவிடாத."

"உன்னைக் கழுவி வளத்தவடா நான். பேசாம சாப்பிடு."

அந்த இன்ஜினை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். வெளியே ஒரு கூடு, நடுவில் இடுப்பு சிறுத்த கடலைக்காய் போல. உள்ளே மூன்று மூலை உள்ள ஒரு துண்டு, பக்கங்கள் உப்பியிருக்கும். அது மின்விசிறி போல நின்ற இடத்தில் சுற்றாது. தானும் சுற்றிக்கொண்டு, இடமும் நகர்ந்துகொண்டு போகும். எப்படிப் போனாலும் மூன்று மூலையும் சுவரைத் தொட்டே இருக்க வேண்டும். துண்டுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று அறைகள். அறை பெரிதாகும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். சிறிதாகும்போது அமுங்கும். பொறி பட்டு வெடித்து, துண்டைத் தள்ளும். பிறகு புகை வெளியே போகும்.

என் வேலைக்கு ஆறே பொத்தான்கள். நகர்த்த நான்கு அம்புக்குறி, திருப்ப இரண்டு. திருப்புகிற இரண்டிலும் பேத்தி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கொடுத்தாள். சிவப்பு வலம், பச்சை இடம்.

பத்து இடத்தில் துண்டை வைத்தால் போதும், நடுவில் உள்ளதைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும் என்றாள். வைத்தேன். ஓடியது. மகன்கூட எட்டிப் பார்த்து "அட" என்றான். மெதுவாக ஓட்டச் சொல்லிக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஓரிடத்தில் மூலை சுவரை விட்டு நின்றது. இன்னோரிடத்தில் சுவருக்குள் புகுந்திருந்தது.

"சந்து விழுது பாரு."

"மயிரிழை அளவு அப்பாயி. யாரு கண்ணுக்குத் தெரியப்போவுது?"

"என் கண்ணுக்குத் தெரியுது."

"படந்தானம்மா, ஓடுதுல்ல. விடு" என்றான் மகன்.

எனக்கு விட மனசு வரவில்லை. காரணம் சொல்கிறேன்.

எனக்கு முப்பது வயது இருக்கும்போது குரும்பகரத்தில் வயல் வேலை. ஒரு வருஷம் வாய்க்காலில் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு எட்டவே இல்லை. ஆயில் இன்ஜின் வைத்து இறைத்தார்கள். அதை ஓட்டிய என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். நாற்று காய்ந்துகொண்டிருந்தது. சுற்றி இன்ஜினைக் கிளப்பும் ஹேண்டிலை நான் பிடித்தேன்.

"பொம்பள புடிச்சா கை முறிஞ்சிடும்" என்று கத்தினார் மேஸ்திரி.

"முறிஞ்சா எங்கைதானே, உங்களுக்கென்ன?" என்றேன்.

கட்டைவிரலைச் சுற்றிப் போடாமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துப் பிடித்தேன். இன்ஜின் திருப்பி உதைத்தால் ஹேண்டில் கையை விட்டுப் போகும், விரலைக் கொண்டுபோகாது. வீட்டுக்காரர் பிடிப்பதைத் தினமும் பார்த்தவள் நான். மூன்றாவது தடவையில் ஓடியது. அதன்பிறகு ஐந்து போகம் நானே ஓட்டினேன்.

ஒருநாள் ஹேண்டில் கனமே இல்லாமல் லேசாகச் சுற்றியது. கூட இருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நான் ஹேண்டிலைக் கீழே வைத்தேன். உள்ளே பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்துவிட்டது. அமுங்க வேண்டிய காற்று ஓரத்துச் சந்தில் ஓடிவிடுகிறது. அன்று அந்த இன்ஜின் ஓடவே இல்லை. கனமாகச் சுற்றினால்தான் உயிர் இருக்கிறது என்று என் தோளுக்குத் தெரியும்.

அதனால் பத்தையும் அழிக்கச் சொன்னேன். மூன்று மூலையும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. ஒரு சுற்றில் மூன்றில் ஒரு பங்கை வைத்தால் ஒரு மூலை இருந்த இடத்துக்கு அடுத்த மூலை வந்துவிடும், அதையே திரும்பத் திரும்ப ஓட்டலாம். நூற்றிருபது படம். ஒவ்வொன்றிலும் மூன்று மூலையையும் பெரிதாக்கிப் பார்த்து, நகர்த்தி, திருப்பி, மறுபடி பார்த்து வைத்தேன். ஒன்பது மத்தியானம் ஆனது. ஒருநாள் எதையோ அமுக்கி அன்று வைத்தது முழுவதும் போய்விட்டது. பேத்தி என்னைத் திட்டினாள். நானும் கம்ப்யூட்டரைத் திட்டினேன். மறுநாள் போனதையெல்லாம் மறுபடி வைத்தேன்.

"கணக்குப் போட்டதும் வரைஞ்சதும் நான், அசைச்சது எங்க அப்பாயி" என்று பேத்தி காலேஜில் உள்ளதைச் சொன்னாள். "கடையில குடுத்துச் செஞ்சிட்டு அப்பாயி கதை சொல்றியா?" என்று கேட்டாராம் சார். நான் பேத்தியோடு பஸ் ஏறிப் போனேன்.

"எழுதப் படிக்கத் தெரியுமாம்மா?"

"எழுத்துக் கூட்டுவேன் சார்."

"அப்ப இத எப்புடிச் செஞ்சீங்க?"

"இதுல எங்க சார் எழுத்து இருக்கு?"

ஒரு படத்தைக் கலைத்துவிட்டு, சரியாக வைத்துக் காட்டச் சொன்னார். அவர் கம்ப்யூட்டரில் பொட்டு இல்லை. பேத்தியின் நெற்றியில் இருந்ததை எடுத்து வலம் திருப்பும் பொத்தானில் ஒட்டினேன். வலம் தெரிந்தால் இடம் தெரியாதா? மெதுவாகத்தான் வைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மூலையைப் பார்த்தேன்.

"ஒரு மூலை கொஞ்சம் வெலகுனா என்னாவும்?" என்று கேட்டார்.

"ஹேண்டில் லேசா சுத்தும் சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் மேலிடத்தில் கேட்பார்கள், எழுதிக் கொடுங்கள் என்றார்.

பேத்தி சொல்லச் சொல்ல, தானே எழுதுவதாகவும், நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் மகன் சொன்னான். கையெழுத்துக்கு மட்டும் என் கை வேண்டுமா? மாட்டேன் என்றேன். நான்கு நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழையைப் பேத்தி திருத்தலாம். என் பேச்சைத் திருத்தக் கூடாது.

சார், இதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஆயில் இன்ஜின் இருக்கும் வயலுக்கு வாருங்கள். நீங்களும் ஹேண்டிலைப் பிடியுங்கள், நானும் பிடிக்கிறேன். கட்டைவிரலை எங்கே வைப்பதென்று மேலே எழுதிவிட்டேன்.

"இந்தாடி, முடிச்சுட்டேன். மொதல்லேருந்து வாசி. மெதுவா வாசி. எங்கயாச்சும் மூலை சுவத்த விட்டிருந்தா நிறுத்து; அந்த எடத்த மறுபடி வைக்கிறேன்."