வீடு பார்க்க வந்த ஏழு நடிகர்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், பாரிஸ் லா சப்பலில் நான் குடியிருந்த நான்காம் மாடி வீட்டை விற்க வெளிக்கிட்டபோது நடந்தது இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உணவகங்களில் கோப்பை கழுவி, கடை போட்டு, அந்த வீட்டையும் வாங்கினேன். தரை ஓடு முதல் மின்சார வயர் வரை என் கைவேலைதான். எங்கள் ஆட்களில் எவரிடமும் அப்படி ஒரு வீடு இருக்கவில்லை என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் மனைவிக்கு முழங்கால் பழுதாகிவிட்டது. லிஃப்ட் இல்லாத கட்டடம். மாதக்கணக்கில் அவள் கீழே இறங்கவே இல்லை. பாரிசுக்கு வெளியே பொண்டியில் படியில்லாத சின்ன வீடு ஒன்றைப் பேசி வைத்திருந்தோம். அந்த மாதத்துக்குள் இது விலைப்படாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். வீடு பார்க்க வந்தவர்களை நானே அறை அறையாகக் கூட்டிச்சென்று புகழ்ந்து காட்டினேன். ஒருவரும் திரும்பி வரவில்லை.

வீடு விற்றுக்கொடுக்கும் அஜான்ஸ்காரர் ஒரு பிரெஞ்சுக்காரர். சனிக்கிழமை மூன்று மணி நேரம் கதவைத் திறந்து வையுங்கள், விருப்பமானவர்கள் எல்லாரும் ஒன்றாக வந்து பார்க்கட்டும் என்றார். ஒருவரும் வராவிட்டால் மானம் போய்விடுமே! வியாபாரம் தெரிந்த மூளையல்லவா, தேத்தண்ணீர்க் கடை நண்பர்கள் ஏழு பேரை, வாங்க வந்தவர்கள் போல நடிக்கக் கூப்பிட்டேன்.

வந்தார்கள். வாசலில் ஏழு சோடிச் சப்பாத்துகளைக் கழற்றிவிட்டு, ஒரு பை ரோல்ஸ் பலகாரத்தோடு சோபாவில் இருந்து கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். வாசல் வரை வந்த ஒரு பிரெஞ்சுத் தம்பதி, குடும்ப விருந்து நடக்கிறதென்று நினைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அஜான்ஸ்காரர் என்னை முறைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள், அடுப்புப் பக்கமாக, ஒரு நண்பரின் குரல் கேட்டது. அங்கே நின்ற ஒரு பெண்ணையும் நான் நடிக்கக் கூப்பிட்டவள் என்று நினைத்துவிட்டார் அவர்.

"தங்கச்சி, உங்களையும் கூப்பிட்டவரோ? மெத்ரோ போனா இந்த யன்னல் கிடந்து ஆடும். மாரிக் குளிருக்குப் பூட்டுப்படாது, பேப்பர் அடைச்சு வச்சிருக்கிறார். மனுசனைக் கேட்டா அரண்மனை எண்டுவார். ஆனா வயர் வேலை சோக்கு. ஒருநாளும் கரண்ட் நிண்டதில்லை."

நான் உள்ளே பாய்ந்தேன்.

"என்ன அண்ணை, என்ர நடிப்பு எப்பிடி?" என்றார், அதுவரை ஒரு வரிகூட நடிக்காத அவர்.

அந்தப் பெண்ணோ உண்மையாகவே வாங்க வந்தவள். பேச்சிலேயே புதுச்சேரிக்காரி என்று தெரிந்தது. "ஐயா, இவர் சொன்னதெல்லாம் நிஜமா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாய் உன்னியது. உள் அறைக் கதிரையிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓம் பிள்ளை" என்றேன். அடைத்த பேப்பரை உருவி எடுத்து, காற்று வரும் இடத்தையும் காட்டினேன்.

அந்தப் பெண் போகவில்லை. சோபாவில் இருந்த மற்ற ஆறு பேரையும் துருவித் துருவிக் கேட்டாள். ஒருவராவது என்னைக் காப்பாற்ற வேண்டுமே! தெரிந்ததையெல்லாம் சொன்னார்கள்.

"நெறைய வீடு பாத்துட்டேங்க," என்றாள் கடைசியில். "எல்லாரும் கொறையே இல்லன்னாங்க. அதான் பயமா இருந்துச்சு. இதுல என்ன கோளாறுன்னு தெரிஞ்சு போச்சு. சன்னல நான் மாத்திக்கிறேன்."

அடுத்த கிழமை கையெழுத்து வைத்தாள். பொண்டியில் இப்போது என் மனைவி ஒருவர் துணையும் இல்லாமல் பஸ் ஏறிச் சந்தைக்குப் போய் வருகிறாள். வீடு விற்கிறவர்கள் இன்றும் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள். கதவைத் திறந்துவிடுங்கள், வருகிறவர்கள் தங்களுக்குள் கதைக்கட்டும் என்கிறேன். நான் அவ்வளவு புகழ்ந்தும் போகாத வீடு, அதன் குறை வெளிப்பட்ட அன்றைக்கு விலைப்பட்டதை நினைத்தால், பெருமை பேச எடுத்த வாய் இப்போதும் ஒரு கணம் தயங்கத்தான் செய்கிறது.